உளிக்காரர்களுக்கும் மைக்செட்காரர்களுக்கும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், வெள்ளிமலைப் பக்கத்து மரச்சிற்பிகளுக்கும், தச்சுப் பட்டறை அண்ணன் தம்பிகளுக்கும், மைக்செட் நிலையம் நடத்துகிறவர்களுக்கும் எழுதுவது.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் இரண்டு தரப்பாரும் ஒரே பட்டறையில் உட்கார்ந்து, வீட்டுக் கூடத்தில் தரையில் நிற்கிற மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர் கட்ட வேண்டும். முன்முகத்தில் ஒரு கோஆக்சியல் யூனிட், இரண்டு பக்கப் பலகைகளிலும் தலா ஒரு ஊஃபர். அவ்வளவுதான் அமைப்பு. ஏன் இந்த அமைப்பு, ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மைக்செட்காரர்களுக்கு ஸ்பீக்கரின் உள்ளும் புறமும் தெரியும். காயில் எரிந்தால் மாற்றத் தெரியும், கோன் கிழிந்தால் ஒட்டத் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் பேச்சு புரிகிறதா என்று நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து ட்ரெபிளைத் திருத்துகிற காது உங்களுடையது. ஆனால் நீங்கள் கட்டும் பாக்ஸ் மைதானத்துக்கானது. லாரியில் ஏற்ற வேண்டும், மழையைத் தாங்க வேண்டும், 1,000 பேருக்குக் கேட்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் அதே பாக்ஸை வைத்தால் யாரும் உட்கார முடியாது.

மரச்சிற்பிகளே, உங்கள் வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வட்டாரத்து மரச்சிற்பம் என்றால் இன்னது என்று சட்டமே ஒப்புக்கொண்ட பெருமை அது. பிள்ளையாரும் லட்சுமியும் தசாவதாரமும் உங்கள் கையால் ஊர் ஊராகப் போய் நிற்கிறார்கள். கதவும் நிலையும் ஊஞ்சல் பலகையும் போகின்றன. ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே, கூடத்தில் ஒலிக்கிற பொருள் மட்டும் எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் பட்டையாக இருக்கிறது. டிவிக்குக் கீழே கிடக்கும் அந்தக் கறுப்புப் பட்டையில் நாகஸ்வரம் ஊதுகிறவரின் மூச்சு கேட்காது. தவிலின் தொப்பி ‘தொம்’ என்று விழாமல் ‘டக்’ என்று விழும். இசையை இவ்வளவு நேசிக்கிற ஜனங்கள் இதோடு நிறைவடைய வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இனி வீட்டைப் பார்ப்போம். கடையில் கிடைக்கிற உயரமான ஸ்பீக்கர் பெரும்பாலும் மேலே ஒரு ட்வீட்டர், அதற்குக் கீழே ஒன்றோ இரண்டோ ஊஃபர் என்று செங்குத்தாக அடுக்கியது. சோபாவில் அசையாமல் ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்று நினைத்து அளவு வைத்தது. நம் வீட்டில் அப்படியா? அப்பா நாற்காலியில், பாட்டி கட்டிலில், பிள்ளைகள் பாயில், அம்மா அடுக்களை வாசலில் நின்றபடி. நான்கு உயரத்தில் நான்கு காது. 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 14 செ.மீ. ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி இருந்தால், ட்வீட்டர் உயரத்தில் காது இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து வரும்படி செய்துவிடலாம். கீழே உட்கார்ந்தவருக்கும் நிற்கிறவருக்கும் ஒன்றுக்கு முன்னால் ஒன்று வந்து சேரும். வித்தியாசம் 7 செ.மீ.யை நெருங்கினால், அதாவது அரை அலை, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழிவது எந்த இடம் தெரியுமா? 2,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. பேச்சில் மெய்யெழுத்துகள் பளிச்சென்று விழுகிற இடம். பாயில் உட்கார்ந்த பிள்ளை “என்ன சொன்னாங்க?” என்று கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கோஆக்சியலில் இந்தத் தொல்லை இல்லை. ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் ஒரே மையத்திலிருந்து ஒலிப்பதால் மேலே, கீழே, இடம், வலம் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். நம் வீட்டில் மக்கள் உட்காருகிற முறைக்கென்றே செய்த யூனிட் இது என்று எனக்குத் தோன்றும்.

உங்களில் பலருக்குக் கோஆக்சியல் என்றதும் கார் கதவில் வைக்கிற ஸ்பீக்கர் நினைவுக்கு வரும். அதில் கோனுக்கு முன்னால் பாலம் கட்டி ட்வீட்டரைத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் சொல்வது வேறு. இதில் ட்வீட்டர் கோனின் அடிக்கழுத்திலேயே, வாய்ஸ் காயில் சுற்றியிருக்கும் இடத்துக்குள் அமர்ந்திருக்கும். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் 1940-களில் கோஆக்சியல் யூனிட் ஒன்று செய்தது. ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவற்றில் அது பல ஆண்டுகள் ஒலித்தது. இங்கிலாந்தின் டானாய் 1947-ல் தன் டூயல் கான்சென்ட்ரிக்கை வெளியிட்டது. ஊஃபரின் காந்தத்துக்குப் பின்னால் ட்வீட்டரை வைத்து, நடுவே துளை வழியாக ஒலியை முன்னே கொண்டுவந்தார்கள். பெரிய காந்தம் தேவைப்பட்டதால் ட்வீட்டர் பின்னால்தான் இருக்க முடிந்தது. 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தபிறகு, சுண்டுவிரல் நுனியளவு காந்தத்திலேயே போதுமான பலம் கிடைத்தது. 1988-ல் இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் அதை வைத்து ட்வீட்டரைக் கோனின் கழுத்துக்குள்ளேயே இறக்கி, யூனி-க்யூ என்று பெயரிட்டது. இன்று நார்வேயின் சியாஸ், இத்தாலியின் பி அண்டு சி போன்றவர்களும் தனியாக வாங்கிப் பொருத்தும்படி கோஆக்சியல் யூனிட்டுகள் செய்கிறார்கள். மேடையில் பாடகர் காலடியில் சாய்த்து வைக்கிற மானிட்டர் பாக்ஸ்களில் மைக்செட்காரர்கள் இந்த வகையைப் பார்த்திருப்பீர்கள்.

கோஆக்சியலுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ட்வீட்டரைச் சுற்றியிருக்கிற கோன்தான் அதற்கு ஹார்னாக வேலை செய்கிறது. அந்தக் கோன் பாஸுக்காக முன்னும் பின்னும் பெரிதாக ஓடினால், ட்வீட்டரின் ஹார்னே ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தவில் அடி விழும்போதெல்லாம் பாடகியின் குரல் லேசாகக் கலங்கும். ஆகவே பாஸை அந்தக் கோனிடமிருந்து வாங்கிவிட வேண்டும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வேறு ஊஃபருக்குக் கொடுத்துவிட்டால் கோன் ஓடும் தூரம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறையும். குரல் அசையாமல் நிற்கும்.

அந்த ஊஃபரை எங்கே வைப்பது? முன்முகத்தில் வைத்தால் பெட்டி அகலமாகும். பக்கவாட்டில் வைத்தால் முன்முகம் ஒரு சாண் அகலத்தில் முடிந்துவிடும். பக்கத்தைப் பார்த்து ஒலித்தால் பாஸ் நமக்கு வருமா என்று கேட்பீர்கள். வரும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன் ஒரு சாண் அகலப் பெட்டி தடையே இல்லை. சுற்றிக்கொண்டு எல்லாப் பக்கமும் போய்விடும். 3,000 ஹெர்ட்ஸ் என்றால் 11 செ.மீ.தான் அலைநீளம், அது திரும்பாது. அதனால்தான் மேல் ஒலி முன்னால், கீழ் ஒலி பக்கத்தில்.

இரண்டு பக்கமும் எதிரெதிராக வைப்பதில் இன்னொரு பெரிய லாபம். ஒரு ஊஃபர் கோன் வெளியே பாயும்போது பெட்டியை எதிர்ப்பக்கம் தள்ளும். எதிரே இன்னொன்று அதே நேரத்தில் அதே பலத்தில் வெளியே பாய்ந்தால் இரண்டு தள்ளலும் சமமாகி, பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். கெஃப் 2011-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேடு என்ற ஸ்பீக்கர் இந்த எண்ணத்தின் முழு வடிவம். நடுவே ஒரு யூனி-க்யூ, பக்கத்துக்கு இரண்டாக நான்கு 9 அங்குல ஊஃபர், கோஆக்சியலுக்கு மேலும் கீழும் சம தூரத்தில். கேட்பவருக்கு எல்லா ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் இருக்கும். விலை பல லட்சம். ஆனால் அதில் அடங்கிய அறிவு விலைக்கு விற்கிற சரக்கில்லை. இயற்பியல் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். இங்கேதான் தச்சர்களின் கவனம் வேண்டும்.

ஊஃபர் வாங்கும்போது கூடவே ஒரு தாள் தருவார்கள். அதில் எஃப்.எஸ். (ஊஃபரின் ஒத்ததிர்வு), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வின் கட்டுப்பாடு), வி.ஏ.எஸ். (கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் முக்கியம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்கு அது. அதற்கு முன்னால் பெட்டியின் அளவைப் பெரும்பாலும் அனுபவத்தாலும் யூகத்தாலும் வைத்தார்கள். ஒரு 8 அங்குல ஊஃபருக்கு எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க அடைத்த பெட்டியில் நமக்கு வேண்டிய கட்டுப்பாடு 0.7. அந்த 0.7-ஐ 0.4-ஆல் வகுத்தால் 1.75. அதன் வர்க்கம் சுமார் 3.06, அதில் ஒன்றைக் கழித்தால் 2.06. 40 லிட்டரை இதனால் வகுத்தால் ஒரு ஊஃபருக்கு 19 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டுக்கும் 39 லிட்டர். பெட்டிக்குள் அடைபட்ட ஊஃபரின் ஒத்ததிர்வு 30 × 1.75, அதாவது 52 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அதற்குக் கீழே மெதுவாகத்தான் இறங்கும். சின்ன அறை மீதியைத் தாங்கிப் பிடிக்கும்.

துளை விட்ட பெட்டியை நான் இங்கே பரிந்துரைக்கவில்லை. துளை வைத்தால் இன்னும் கீழே போகலாம், உண்மைதான். ஆனால் தவில், மிருதங்கம், பறை இவற்றில் அடி விழுந்த மறுகணம் ஒலி நிற்க வேண்டும். அடைத்த பெட்டியில் அது நிற்கும். 1950-களில் எட்கர் வில்ச்சூர் அமெரிக்காவில் அடைத்த பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். என் காதுக்கு இன்றும் அந்த வழிதான் நம் தாளத்துக்குப் பொருந்துகிறது.

39 லிட்டரை மரத்தில் எப்படிப் பிடிப்பது? வெளி அளவு உயரம் 105 செ.மீ., அகலம் 22, ஆழம் 35. பலகை 18 மி.மீ. உள்ளே கிடைப்பது 58 லிட்டருக்குச் சற்று மேல். மேல் பகுதியில் 20 செ.மீ. உயரத்துக்குத் தடுப்பு வைத்துக் கோஆக்சியலுக்குத் தனி அறை, சுமார் பதினொன்றரை லிட்டர். இந்தத் தடுப்பு கட்டாயம். இல்லாவிட்டால் ஊஃபர் தள்ளுகிற காற்று கோஆக்சியலின் கோனை முதுகில் உதைக்கும். மீதி 46 லிட்டர். அதில் ஊஃபர்களும் உள் சட்டங்களும் ஐந்தாறு லிட்டரை அடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது 40. கணக்கு நேராகிறது.

கோஆக்சியலின் மையம் தரையிலிருந்து 93 செ.மீ.யில் நிற்கும். நாற்காலிக்காரருக்கும் பாய்க்காரருக்கும் நடுவான உயரம். ஊஃபரின் மையத்தை 62 செ.மீ. உயரத்தில் வையுங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 31 செ.மீ. இருக்கும். 250 ஹெர்ட்ஸின் கால் அலை 34 செ.மீ.; அதற்குள் இருந்தால்தான் இரண்டும் ஒரே இடத்து ஒலியாகச் சேரும். ஊஃபரைத் தரையோரமாக இறக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்தச் சேர்க்கை போய்விடும்.

பக்கப் பலகையை அறுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு ஊஃபரையும் முதுகோடு முதுகாக மேசைமேல் நிறுத்தி, விளிம்பிலிருந்து விளிம்புக்கு 22 செ.மீ. வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் ஆழமும் 9 செ.மீ. என்றால் இரண்டு காந்தத்துக்கும் நடுவே 4 செ.மீ. மிஞ்சும். காந்தத்தின் பின்னால் காற்றுத் துளை இருக்கிற ஊஃபருக்கு அந்த இடைவெளியை அப்படியே விடுங்கள், மூச்சு விட வேண்டும். துளை இல்லாத ஊஃபராக இருந்தால் கெட்டி மரக்கட்டை ஒன்றை இருபுறமும் ஃபெல்ட் ஒட்டி நடுவே இறுக்கமாகச் செருகலாம். இரண்டு தள்ளலும் அந்தக் கட்டைக்குள்ளேயே தீர்ந்துவிடும், பலகைக்கு வராது. ஆழம் 11-ஐ நெருங்குகிற ஊஃபராக இருந்தால் இந்த அகலத்தில் உட்காராது. வேறு ஊஃபர் பாருங்கள், அல்லது ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளி வையுங்கள்.

ஒயர் கொடுக்கும்போது இரண்டு ஊஃபருக்கும் ப்ளஸ் மைனஸ் ஒரே மாதிரி. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டால் இரண்டு கோனும் ஒரே சமயத்தில் வெளியே வர வேண்டும். மைக்செட் தம்பிகளுக்கு இது விளையாட்டு. பெட்டி மூடியபின் ஒரு ஊஃபர் கோனை நான்கு விரலால் மெல்ல அழுத்துங்கள். எதிர்ப்பக்கத்துக் கோன் தானாக வெளியே வந்து, விரலை எடுக்கும்வரை அங்கேயே நின்றால் அல்லது மிக மெதுவாகத் திரும்பினால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். அழுத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. ஒயர் வெளியே வரும் இடத்தை முதலில் பாருங்கள்.

மரத்தைப் பற்றி எனக்குப் பேச நிறைய இருக்கிறது, உங்களுக்கு என்னைவிட நிறையத் தெரியும் என்றாலும். பக்கத்துப் பண்ருட்டியின் பலா மரம் மிருதங்கத்துக்குப் போகிறது. தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் உருவாகிறது. அந்த மரம் பாட வேண்டும், அதற்காகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிர் குணம் வேண்டும். பெட்டி வாய் திறக்கக் கூடாது. கோன் சொல்வது மட்டும் கேட்க வேண்டும். விரல் கணுவால் தட்டினால் ‘டொங்’ என்று இழுக்கிற பலகை, இசைக்கு நடுவே தன் சொந்த ஸ்வரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ‘டக்’ என்று செத்த ஒலி வர வேண்டும். இதற்காக உள்ளே ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய குறுக்குப் பலகை ஒன்று கொடுங்கள். ஜன்னலை நட்டநடுவில் வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டினால் எல்லாப் பலகைத் துண்டும் ஒரே ஸ்வரத்தில் அதிராது.

பெட்டியின் உடம்புக்கு முழு மரப் பலகையும் வேண்டாம். 22 செ.மீ., 35 செ.மீ. அகலத் தேக்குப் பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், சித்திரையில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிப் பூட்டினால் எங்காவது ஒரு நாள் விரிசல் விடும், காற்று கசியும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நல்லது. மாடுலர் கிச்சன் வேலைக்கு நீங்கள் வாங்குகிற எச்.டி.எச்.எம்.ஆர். பலகையும் தாராளமாகப் போதும். சாதாரண எம்.டி.எஃப். கள்ளக்குறிச்சி வீட்டில் நிற்கும். கல்வராயன் மலையில் மூடுபனியும் ஈரமும் அதை ஊதவைத்துவிடும். கோனின் ஓரம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் ஓரம் நம் வெக்கையில் சில வருஷத்தில் பொடியாகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிறகு சிற்பிக்கு என்ன வேலை என்கிறீர்களா? முக்கியமான வேலையே அங்குதான். முன்முகத்தின் கூரிய விளிம்பில் மேல் ஒலி மோதிச் சிதறும். ட்வீட்டரிலிருந்து வந்த ஒலி ஒன்று, விளிம்பிலிருந்து தாமதமாக வந்த ஒலி இன்னொன்று என்று காதுக்கு இரண்டு வரும். ரூட்டர் மெஷின் அரை அங்குல வளைவு கொடுக்கும், அது போதாது. முன் ஓரம் இரண்டுக்கும் நல்ல கெட்டி மரச் சட்டம் ஒட்டி, இரண்டு அங்குல வளைவாக இழைத்து இறக்க வேண்டும். தோளிலிருந்து கை இறங்குகிற வளைவைத் தெய்வத் திருமேனியில் கண்ணால் பார்த்தே கொண்டுவருகிறவர்களுக்கு இது கடினமில்லை. இந்த வேலையை மெஷினில் செய்ய வெளிநாட்டுக் கம்பெனிகள் பெரும் செலவு செய்கின்றன.

அலங்காரத்தை எங்கே வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். கோஆக்சியலைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு வழவழப்பாக விடுங்கள். 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை செ.மீ.தான், அதற்கு அருகே ஆழமாகச் செதுக்கினால் ஒலி சிதறும். முன்முகத்தின் கீழ்ப்பகுதி, பீடம், மேல்தட்டின் பின் ஓரம், ஊஃபரைச் சுற்றிய வளையம் இவையெல்லாம் உங்கள் ராஜ்ஜியம். கொடிக்கருக்கும் யாளியும் தாமரை இதழும் வைக்கலாம். பக்க ஊஃபருக்கு முன்னால் செதுக்கு வேலைப்பாட்டோடு ஒரு மரச் சாளரம் வைத்தால்கூட, திறந்த இடம் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால், பாஸ் தடையின்றி வரும். கல்லில் செய்த கோயில் சாளரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்; அப்படி ஒன்று மரத்தில், உள்ளிருந்து இசை வரும்படி. எனக்கு இதை நினைத்தாலே ஆசையாக இருக்கிறது.

மரம் பட்டா நிலத்துத் தேக்கு, வாகை, பூவரசு, வேம்பு எதுவானாலும் ரசீதோடு வாங்கியதாக இருக்கட்டும். மலைக்காட்டு மரம் ஒரு சுள்ளிகூட வேண்டாம்.

மின்பகுதி மைக்செட்காரர்களுடையது. கோஆக்சியலுக்குள் ட்வீட்டரையும் மிட்டையும் பிரிக்க அரை மில்லிஹென்றி, எட்டு மைக்ரோஃபாரட் அளவில் பாகங்கள் போதும். சென்னை ரிச்சி தெருவில் நல்லதாகவே கிடைக்கும். ஆனால் 250 ஹெர்ட்ஸில் ஊஃபரைப் பிரிக்க அதே வழியில் போனால், 8 ஓமுக்கு மிக எளிய வடிகட்டிக்கே 5 மில்லிஹென்றி காயிலும் 80 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வேண்டும். செம்புக்கே காசு போய்விடும். நீங்கள் ரேக்கில் வைத்து டாப்புக்கும் பாஸுக்கும் தனித்தனி ஆம்ப் ஓட்டுகிறீர்களே, அதே முறைதான் இங்கேயும் சரி. ஒலியை டிஜிட்டலாகப் பிரிக்கிற ஒரு சின்ன டி.எஸ்.பி. பலகை, கோஆக்சியலுக்கு ஒரு ஆம்ப், ஊஃபருக்கு ஒரு ஆம்ப். கான்கிரீட் வீட்டில் பாஸ் தேங்கும், கூரை வீட்டில் வெளியே ஓடிவிடும், டி.எஸ்.பி. இருந்தால் வீட்டுக்குத் தக்கபடி அந்த அளவை மாற்றிக் கொடுத்துவிட்டு வரலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 47, 56 ஹெர்ட்ஸில் சுவர்களுக்கு நடுவே ஒலி கட்டி நிற்கும். அந்த இரண்டையும் கொஞ்சம் இறக்கினாலே பாதி வீடுகளில் ‘ங்கொய்’ என்ற இரைச்சல் போய்விடும்.

இனி அளவெடுப்பது. காதை நம்பிக் கட்டலாம், ஆனால் மைக் வைத்து அளந்துவிட்டுக் காதை நம்புவது மேல். ஆர்.இ.டபிள்யூ. என்ற மென்பொருள் இலவசம். அளவு மைக் ஒன்று மட்டும் வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அறைக்குள் தரையும் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஸ்பீக்கரை வைத்து ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்தால், தரையில் மோதிய ஒலி 6 மில்லிசெகண்டிலேயே வந்து கலந்துவிடும்; 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் நம்ப முடியாது. பெரிய கம்பெனிகள் இதற்கென்று எதிரொலியில்லாத அறை கட்டுகின்றன. நமக்கு அந்த அறை மலையில் இருக்கிறது.

வெள்ளிமலைப் பக்கம் ஏறினால் காற்று அடங்கிய விடியற்காலையில் வாகனச் சத்தமில்லாத வெட்டவெளி கிடைக்கும். உங்கள் மேடைச் சாரத்தை மூன்று மீட்டர் உயரத்துக்குக் கட்டி அதன்மேல் ஸ்பீக்கரை ஏற்றுங்கள். இப்போது தரையின் எதிரொலி வர 14 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 70 ஹெர்ட்ஸ் வரை அளவு சுத்தம். அதற்கும் கீழே வேண்டுமானால் ஸ்பீக்கரையும் மைக்கையும் இரண்டையும் தரையிலேயே வைத்து அளக்கலாம். தரையின் எதிரொலியும் நேரொலியும் ஒன்றாகவே வந்து சேரும், அளவு 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்களிடம் சொல்லி அனுமதி வாங்கி, காலை ஆறு மணிக்குப் பிறகு, குறைந்த சத்தத்தில். மலையில் இருக்கிற ஒலித் தொழிலாளர்களும் இந்த வேலையில் கூடவே இருக்க வேண்டும் என்பதால்தான் அவர்களையும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். களத்தில் சாமை காய்கிற நேரம் பார்த்துப் போய் இடைஞ்சல் செய்யக் கூடாது. அறுவடை எப்போது முடிகிறது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

அளவு எடுத்தபின் கேட்டுப் பாருங்கள். சினிமாப் பாட்டில் தொடங்க வேண்டாம். அது பல கருவிகளால் மெருகேறியது, குறையை மறைக்கும். நம் பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவு ஒன்றை எடுங்கள். கட்டியங்காரன் மூச்சு விடாமல் பேசுகிறபோது ஒவ்வொரு சொல்லும் பிரிகிறதா? முகவீணை காதைக் குத்தாமல் கூர்மையாக இருக்கிறதா? மத்தள அடியில் தோலின் இழுவை தெரிகிறதா? பிறகு பாயில் உட்காருங்கள், எழுந்து நில்லுங்கள், அடுக்களை வாசலுக்குப் போங்கள். எங்கிருந்து கேட்டாலும் பேசுகிறவர் அதே ஆளாக இருந்தால் வேலை தேறியது. நேருக்கு நேராகக் காதைப் பார்த்துத் திருப்பாமல் ஸ்பீக்கரைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். கோஆக்சியலில் நட்டநடு அச்சில் சிறு பள்ளம் ஒன்று இருப்பது வழக்கம், பத்துப் பதினைந்து பாகை விலகினால் அது சரியாகிவிடும்.

இதை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி நியாயமானது. கேரளத்துக் கொச்சியிலிருந்து ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் ரெதம் என்ற பெயரில் ஸ்பீக்கர் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார். 1970-ல் தொடங்கிய கொல்கத்தாவின் சோனோடைனும் ஸ்பீக்கர் செய்கிறது. இந்தியக் கையால் கட்டிய ஸ்பீக்கரை உலகம் காசு கொடுத்து வாங்கும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. புவிசார் குறியீடு உங்கள் செதுக்கு வேலைக்கு உரியது. உள்ளே இருக்கிற யூனிட்டுக்கோ ஆம்ப்புக்கோ உரியதல்ல. விற்கும்போது அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். பெட்டி கட்டியவர் பெயரும், செதுக்கியவர் பெயரும், ஒலி சேர்த்தவர் பெயரும் பின்பலகையில் பொறிக்கப்பட வேண்டும். கூலிக்கு வேலை செய்து பெயரில்லாமல் போகிற வழக்கத்தை இந்தப் பொருளிலாவது நிறுத்துவோம்.

என் பங்கைச் சொல்கிறேன். முதல் ஜோடிக்குக் கோஆக்சியலும் ஊஃபரும் ஆம்ப்பும் நான் வாங்கித் தருகிறேன். வரைபடத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில், அப்படியே பலகையில் ஒட்டி அறுக்கும்படி தாளில் எடுத்து வருகிறேன். அது யாருக்கும் இலவசம். யார் வேண்டுமானாலும் கட்டி விற்கலாம். முதல் ஜோடியை விற்க வேண்டாம். ஏதாவது ஒரு நூலகக் கூடத்திலோ கூத்துக் குழு ஒத்திகை பார்க்கிற இடத்திலோ வைப்போம். ஊர் வந்து கேட்கட்டும்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. கோயில் பாட்டு விடியற்காலையோடு முடிந்துவிடும், பகலில் மைக்செட்காரர்களுக்கு ஓய்வு இருக்கும். அந்த மாதத்தில் அறுத்து ஒட்டிவிட்டால், தை பிறந்ததும் செதுக்கு வேலை, மாசியில் மலைக்குப் போய் அளவு, பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் முன் பாலிஷ். யாருடைய பட்டறையில் என்பதை மட்டும் நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அகலமான மேசை ஒன்றும் மூன்று அடி நீளக் கிளாம்ப் எட்டும் இருக்கிற பட்டறையாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து ஒலிப்பெட்டிக்காரன்